சாமி படமும் கடைப் பெயரும்: காலண்டர் விளம்பரத்தின் வரலாறு

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கடைக்காரர்கள் ஆண்டு பிறக்கும்போது வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் தினசரி காலண்டர், இந்திய விளம்பரத்தின் நீண்ட நாள் வடிவங்களில் ஒன்று. கெட்டி அட்டையின் மேற்பகுதியில் வண்ணப் படம் இருக்கும். அதன் கீழே கடையின் பெயர், முகவரி, கைபேசி எண். அதற்கும் கீழே, தகரப் பட்டை வைத்து அடித்த தேதித் தாள் கட்டு. இந்த வட்டாரத்தில் படத்தில் நிற்பவர் பெரும்பாலும் ஏழுமலையான். வெல்ல மண்டியும் நகைக்கடையும் விதைக் கடையும் வட்டிக் கடையும் கொடுப்பது ஒரே படத்தைத்தான். விற்கும் சரக்கைப் பற்றி அட்டையில் ஒரு வார்த்தை இருக்காது. விலை இல்லை, தரம் பற்றிய பேச்சு இல்லை, 'எங்களிடம் வாருங்கள்' என்ற அழைப்புகூட இல்லை.

சரக்கின் பெருமையைச் சொல்வதே விளம்பரம் என்று கொண்டால் இது விளம்பரக் கணக்கிலேயே வராது. ஆனாலும் நூறு ஆண்டுகளாக வணிகர்கள் இதற்குக் கைப்பணம் போட்டு வருகிறார்கள். ஏன் என்பதற்கு விற்பனைப் பாடநூல்களை விட மானிடவியல் தெளிவான விடை தருகிறது. அந்த விடையைத் தேடிப் போகிறவர் வழியில் ஜப்பானைச் சந்தித்தே ஆகவேண்டும். இந்த வழக்கத்தின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே தனியாக வளர்ந்திருக்கிறது. இந்தக் காலண்டர்களை அச்சிடும் சிவகாசியின் அச்சுத் தொழிலின் பிறப்பிலும் ஜப்பானியருக்கு ஒரு பங்கு உண்டு.

திருப்பதிக்குப் போகிறவர்கள் சாமியின் உருவத்தை வீட்டுக்கு எடுத்துவர விரும்புவது அச்சு இயந்திரத்தை விடப் பழைய ஆசை. செஞ்சந்தன மரத்தில் செதுக்கிய மரப்பாச்சிகளையும் சாமி சிலைகளையும் யாத்திரிகர்கள் வாங்கிவந்தார்கள். கொலுப்படியிலும் கல்யாணச் சீரிலும் அவற்றுக்கு இடம் இருந்தது. மலிவான வண்ண அச்சுப் படம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் தொடங்கிய கல்லச்சுக் கூடம் லட்சுமியையும் சரஸ்வதியையும் சாதாரண வீடுகளின் சுவருக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அச்சுக்கூடம் லோனாவளா அருகே மளவலிக்குப் போய், பிறகு ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்கு மாறியது. அந்தக் காலத்தில் வியாபாரிகள் ஒன்றைக் கவனித்தார்கள். மக்கள் விளம்பரத் தாளைக் கசக்கி எறிந்துவிடுவார்கள். சாமி படத்தை எறிய மாட்டார்கள். சோப்பு, குழந்தைகளுக்கான கிரைப் வாட்டர் போன்ற சீமைச் சரக்குகள் கிருஷ்ணனையும் லட்சுமியையும் தாங்கிவரத் தொடங்கின. மான்செஸ்டர் ஆலைகள் இந்தியாவுக்கு அனுப்பிய துணிக் கட்டுகளிலும் இந்துக் கடவுளர் படம் போட்ட வண்ணச் சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன.

இதில் மிகச் சிறிய பொருளும் மிக அதிகம் பரவிய பொருளும் தீப்பெட்டி. ஜப்பானில் தீக்குச்சித் தொழிலைத் தொடங்கியவர் ஷிமிசு மகோதோ. 1870-களின் நடுவில் தோக்கியோவில் தொடங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஒசாகாவும் கோபேயும் இத்தொழிலின் மையங்களாகி, சீனா, தென்கிழக்காசியா, இந்தியா எனப் பல நாடுகளுக்குப் பெட்டிகளை அனுப்பின. இந்தியாவுக்கு வந்த பெட்டிகளில் கிருஷ்ணன், லட்சுமி, காளி முதலிய உருவங்கள் இருந்தன. ஓரத்தில் சிறிய எழுத்தில் 'மேட் இன் ஜப்பான்'. விரல் நீளத் தாளில் நான்கைந்து வண்ணங்களில் அச்சான அந்தச் சீட்டுகள் இன்று சேகரிப்பாளர்களின் செல்வம். தான் வணங்காத தெய்வத்தை, தான் பார்த்திராத ஊரின் வாடிக்கையாளருக்காக இத்தனை நுட்பமாக வரைந்த அந்த அச்சுக் கைவினைஞர்களின் உழைப்புக்கு விளம்பர வரலாறு உரிய மதிப்பைத் தரவில்லை.

தீக்குச்சியோடு தொழிலும் வந்தது. சுமார் 1910-இல் கல்கத்தாவில் குடியேறிய சில ஜப்பானியக் குடும்பங்கள் எளிய இயந்திரங்களை வைத்துத் தீக்குச்சி செய்தன. அவர்களிடமிருந்து உள்ளூர்க்காரர்கள் கற்றுக்கொள்ள, கல்கத்தாவைச் சுற்றிச் சிறு பட்டறைகள் முளைத்தன. முதல் உலகப் போரில் சுவீடன் பெட்டிகள் வருவது நின்றபோது, இந்தப் பட்டறைகளும் ஜப்பானிய இறக்குமதியும் சந்தையை நிரப்பின. 1922-இல் அரசு இறக்குமதித் தீர்வையைப் பெரிதாக உயர்த்தவே உள்நாட்டில் தீப்பெட்டி செய்வது லாபமானது. அந்த நேரத்தில்தான் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு 1923-இல் ஊர் திரும்பினார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் கைவேலையை நம்பிய ஒரு தொழில் வேர்விட்டது. தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சுக்கூடம் வேண்டும். சிவகாசிக்குக் கல்லச்சு வந்ததற்குக் காரணம் இதுதான். பட்டாசு உறையும் காலண்டரும் அந்த அச்சுக்கூடங்களின் பின்வந்த விளைச்சல்கள்.

இதே காலத்தில் ஜப்பானியர் தங்கள் நாட்டில் எப்படி விளம்பரம் செய்தார்கள் என்பது சித்தூர்க் காலண்டருக்கு நேரடியாகத் தொடர்புடையது. அங்கே கடைத் துண்டுப் பிரசுரத்துக்கு 'ஹிகிஃபுதா' என்று பெயர். மிட்சுயி குடும்பத்தின் எச்சிகோயா துணிக்கடை 1683-இல் எதோவில் (இன்றைய தோக்கியோவில்) வினியோகித்த பிரசுரம் புகழ்பெற்றது. ரொக்கத்துக்கு மட்டும் விற்பனை, பேரம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே விலை என்று அது அறிவித்தது. முழுக்க முழுக்கச் சரக்கும் விலையும் பற்றிய பேச்சு. இருநூறு ஆண்டுகள் கழித்து, மெய்ஜி காலத்தில், அதே ஹிகிஃபுதா வேறு உருவெடுத்தது. ஒசாகா அச்சகங்கள் வண்ணப் படங்களை முன்கூட்டியே ஆயிரக்கணக்கில் அச்சடித்து, கடைப் பெயருக்கான இடத்தை மட்டும் வெற்றாக விட்டன. அவற்றின் மாதிரிப் புத்தகத்தை முகவர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கிராமத்து அரிசிக் கடைக்காரரும் எண்ணெய் வியாபாரியும் படத்தைத் தேர்ந்தெடுத்துத் தங்கள் பெயரைப் போடச் சொன்னார்கள். புத்தாண்டுக்கு அது வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனது. பலவற்றில் படத்தோடு ஒற்றைத் தாள் நாட்காட்டியும் இருந்தது.

படத்தில் இருந்தவர்கள் தூண்டிலும் மீனும் ஏந்திய எபிசு, நெல் மூட்டைகள்மேல் கையில் சிறு சுத்தியலோடு நிற்கும் டைகோகு போன்ற செல்வத் தெய்வங்கள். ஜப்பானின் ஏழு பேறுத் தெய்வங்களில் எபிசு அந்த மண்ணுக்குரியவர். ஆனால் டைகோகு பௌத்தத்தின் வழியே போன மகாகாளர், பென்சைதென் சரஸ்வதி, பிஷாமோன் வைசிரவணன், அதாவது குபேரன். பத்மாவதியை மணக்க ஸ்ரீனிவாசனுக்குக் கடன் கொடுத்தவர் என்று திருமலைத் தலபுராணம் சொல்லும் அதே குபேரன். அந்தக் கடனுக்கு இன்றும் வட்டி கட்டுகிறவர் என்பதால் தெலுங்கு பக்தர்கள் ஏழுமலையானை 'வட்டிகாசுலவாடு' என்று செல்லமாக அழைக்கிறார்கள். லாபத்தில் ஒரு பங்கை உண்டியலுக்கென்று ஒதுக்கி, சாமியைத் தொழிலில் பங்காளியாகவே வைத்துக்கொள்ளும் வணிகர்கள் இங்கே உண்டு. ஒசாகா வணிகர்கள் ஜனவரி 10-ஐ ஒட்டி இமாமியா எபிசு கோயிலுக்குப் போய், அதிர்ஷ்டச் சின்னங்கள் கட்டிய மூங்கில் கிளையை வாங்கிவந்து கடையில் வைக்கிறார்கள். கடனும் லாபமும் புழங்கும் இடத்தில் தெய்வம் அந்நியமாக நிற்பதில்லை என்பது இரண்டு ஊர்களுக்கும் பொது.

நாள் நட்சத்திரம் பார்ப்பதிலும் ஒற்றுமை நெருக்கமானது. ஜப்பான் 1873 ஜனவரி 1 முதல் சூரிய நாட்காட்டிக்கு மாறியபோது, நல்ல நாள் கெட்ட நாள் குறிப்புகளை மூடநம்பிக்கை என்று அரசு நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டது. மக்கள் விடவில்லை. ஆறு நாள் சுழற்சியாக வரும் 'ரொகுயோ' குறிப்புகள் அரசு சாராத நாட்காட்டிகளில் நுழைந்தன. இன்றும் 'தாய்ஆன்' என்று குறித்த நாளில் திருமண மண்டபங்களுக்குக் கிராக்கி. 'புட்சுமெட்சு' நாளில் பலர் மங்கல காரியம் வைப்பதில்லை. சித்தூர்க் கடைக் காலண்டரின் தேதித் தாளில் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், சூலம் எல்லாம் நிற்பது இதே தேவைக்காக. வீட்டில் ஒருவர் வெளியே கிளம்புமுன் காலண்டரைப் பார்க்கிறார். பார்க்கும்போதெல்லாம் கடைப் பெயர் கண்ணில் படுகிறது. எந்தச் செய்தித்தாள் விளம்பரத்துக்கும் ஒரே வீட்டில் 365 நாள் இப்படிப்பட்ட இடம் கிடைத்ததில்லை.

இந்த வழக்கத்தை மானிடவியல் அணுகும் வழி பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸிடமிருந்து தொடங்குகிறது. 1925-இல் வெளிவந்த கொடை பற்றிய கட்டுரையில் அவர் சொன்னது இது: எந்தப் பரிசும் வெறும் பரிசு இல்லை, வாங்கிக்கொண்டவர் ஏதோ ஒரு வடிவில் திருப்பித் தரக் கடமைப்படுகிறார், அந்தக் கடமைதான் உறவைக் கட்டுகிறது. காலண்டரைக் காசுக்கு விற்றால் அது நாள் காட்டும் தாள். கடை முதலாளி தன் கையால், சுருட்டி ரப்பர் போட்டு, 'வீட்டில் மாட்டுங்க' என்று கொடுத்தால் அது அடுத்த ஓராண்டுக்கான உறவு. எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. கணக்கு வைத்து வாங்குகிறவருக்குக் கட்டாயம் உண்டு, எப்போதோ வந்துபோகிறவருக்கு மிஞ்சினால் உண்டு. கேட்டும் கிடைக்காத வாடிக்கையாளருக்கு வரும் வருத்தம் அட்டையின் விலையைப் பற்றியது இல்லை.

காட்சிப் பண்பாட்டு ஆய்வாளர் கஜ்ரி ஜெயின் இந்தியக் காலண்டர் ஓவியத்தைப் பற்றி 2007-இல் வெளியிட்ட நூல் இந்தப் பார்வையைக் கடைத்தெரு முழுதுக்கும் விரித்தது. உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று சரக்கு கடனில் நகரும் உலகில் நம்பிக்கையே முதல். அந்த நம்பிக்கையை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கும் பொருளாகச் சாமி படக் காலண்டர் இயங்குகிறது.

ஜப்பானிய விளம்பரத்தை உள்ளிருந்து ஆராய்ந்தவர் பிரிட்டிஷ் மானிடவியலாளர் பிரையன் மோரன். முன்பு கியூஷு தீவின் ஒந்தா கிராமத்துக் குயவர்களிடையே ஆய்வு செய்த அவர், 1990-இல் தோக்கியோவின் ஒரு விளம்பர நிறுவனத்துக்குள் ஓராண்டு இருந்து பார்த்ததை 1996-இல் நூலாக்கினார். கான்டாக்ட் லென்ஸ் ஒன்றின் விளம்பரம் எப்படி உருவானது என்பதை அதில் படிப்படியாகப் பதிவு செய்திருக்கிறார். அவர் காட்டிய உண்மை எளிதில் கண்ணில் படாதது. விளம்பரம் நுகர்வோரை மட்டும் பார்த்துப் பேசுவதில்லை. பணம் தரும் வாடிக்கை நிறுவனத்தை மகிழ்விக்க வேண்டும், போட்டியாளர்களிடமிருந்து விலகி நிற்க வேண்டும், நிறுவனத்துக்குள்ளேயே பல துறையினரின் ஒப்புதலைப் பெற வேண்டும். திரையில் தெரியும் சில விநாடிப் படம் இத்தனை உறவுகளின் உடன்படிக்கை. 'ஜப்பானியப் பண்பாடு இப்படி, ஆகவே அவர்கள் விளம்பரம் இப்படி' என்று ஒரே வரியில் முடித்துவிடும் பழைய வாதம் இதன்முன் நிற்கவில்லை. பம்பாய் விளம்பர உலகைப் பற்றி வில்லியம் மசரெல்லா 2003-இல் எழுதிய நூலும் ஏறக்குறைய இதே திசையில் போகிறது. 'இந்திய நுகர்வோர்' என்ற உருவத்தை விளம்பரக்காரர்களே செதுக்கி, அதைத் தங்கள் வாடிக்கை நிறுவனங்களுக்கு விற்கிறார்கள் என்று அவர் காட்டினார்.

மோரனின் பார்வையோடு சிவகாசிக்குத் திரும்பினால் காலண்டரின் உள்வேலை புரிகிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கன்று அச்சகங்கள் பூசை போட்டு, அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுகின்றன. கனத்த அந்த ஆல்பத்தில் படங்கள் எண் வாரியாக இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் போட வெற்றிடம். ஏஜென்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர்களுக்குக் கிளம்புகிறார்கள். முதலாளி படத்தைப் புரட்டும்போது வாடிக்கையாளரை மட்டும் நினைப்பதில்லை. குலதெய்வம் யார், மனைவிக்குப் பிடித்த சாமி எது, பக்கத்துக் கடைக்காரர் போன ஆண்டு எந்தப் படம் போட்டார், கடன் கொடுக்கும் மொத்த வியாபாரி எந்த மதத்தவர் என்பதெல்லாம் தேர்வில் கலக்கின்றன. கிறிஸ்தவ, இஸ்லாமிய வாடிக்கையாளர்களுக்கென்று இயற்கைக் காட்சியோ குழந்தைப் படமோ தனியாக ஒரு கட்டு எடுப்பதும் வழக்கம். எண் முடிவானபின் எத்தனை அட்டை, எந்த மொழி என்று எழுதிக்கொண்டு ஏஜென்டு அடுத்த கடைக்குப் போகிறார். ஒசாகா மாதிரிப் புத்தகக்காரர் ஜப்பானியக் கிராமத்தில் செய்த அதே வேலை.

மொழித் தேர்வு சித்தூருக்கு உரிய தனிச் சிக்கல். 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்துச் சேர்த்த இந்த மாவட்டம் 1953-இல் ஆந்திரத்தோடு போனது. படாஸ்கர் அளித்த எல்லைத் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது; செங்கல்பட்டின் சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. எல்லைக் கோடு மாறினாலும் கடைத்தெருவின் இருமொழிப் பேச்சு மாறவில்லை. தெலுங்கு ஆண்டு சந்திரனைப் பின்பற்றி உகாதியில் பிறக்கிறது. தமிழ் ஆண்டு சூரியனைப் பின்பற்றிச் சித்திரையில் பிறக்கிறது. ஜனவரி 1-இல் தொடங்கும் கடைக் காலண்டர் இரண்டு வீடுகளுக்கும் பொதுவாக நிற்கிறது.

படங்களை வரைந்தவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் தங்கி, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் நிலைகொண்டவர். நாடக மேடையின் தூண்களும் சுருட்டிய திரையும் அடுக்கு மாளிகையும் அவர் வழியே சாமி படங்களின் பின்னணியாயின. டி. எஸ். சுப்பையா முதலான சீடர்கள் அந்தப் பாணியைத் தொடர்ந்தார்கள். தென்னிந்தியர் மனத்தில் இருக்கும் முருகனும் மீனாட்சியும் பெருமளவு இவர்கள் தந்த முகங்கள். மதுரைப் பக்கத்துக் குயவர்களிடையே ஆய்வு செய்த கனடிய மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ்தான் கொண்டையராஜுவை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஆண்டு முடிந்ததும் தேதிக் கட்டு காலியாகும்; படமோ வெட்டப்பட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் பூசையறைக்குப் போகும். காலண்டர் படத்தின் இந்த இரண்டாம் வாழ்வை இங்கிலிஸ் முக்கியமானதாகக் கருதினார். விளம்பரமாக வந்தது வழிபாட்டுப் பொருளாக மாறும் இடம் அது.

ஏழுமலையான் உருவம் காலண்டருக்கு இவ்வளவு பொருந்தியதற்குக் காட்சி சார்ந்த காரணமும் உண்டு. கருவறைக்குள் படம் எடுக்க அனுமதி இல்லாததால் சுவருக்கு வருவது ஓவியர் கை வண்ணமே. பச்சைக் கற்பூரத்தால் இடும் பெரிய திருநாமம் மூலவரின் கண்களை ஏறக்குறைய மறைத்துவிடும். வியாழக்கிழமை நாமம் சிறிதாக்கப்படும்போதுதான் நேத்திர தரிசனம். பிற தெய்வப் படங்களில் பார்ப்பவரை ஈர்ப்பது கண். இங்கே அந்த வேலையை நாமமும் இருபுறச் சங்கு சக்கரமும் செய்கின்றன. அந்த மூன்று கோட்டுருவங்களை மட்டும் கறுப்பு மையில் அச்சடித்தாலும் எவருக்கும் அடையாளம் தெரியும். ரசீதுப் புத்தகத்தின் தலைப்பிலும் கல்யாணப் பத்திரிகையின் மூலையிலும் லாரியின் நெற்றியிலும் அது அமர்ந்ததற்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணம்.

மலைக்குப் போவது எளிதாக ஆக இந்தப் படத்தின் தேவையும் பெருகியது. 1843 முதல் ஹாதிராம்ஜி மடத்தின் பொறுப்பில் இருந்த கோயில் நிர்வாகம் 1933-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கைக்கு வந்தது. 1944-இல் முதல் மலைப்பாதை திறந்தது. தேவஸ்தானம் தானே காலண்டரும் டைரியும் அச்சிட்டு விற்கிறது. பிரம்மோற்சவத்துக்குப் பட்டு வஸ்திரம் கொண்டுவரும் ஆந்திர முதலமைச்சர் அவற்றை வெளியிடுவது மரபாகிவிட்டது. கடைக் காலண்டர் இலவசம். தேவஸ்தானக் காலண்டருக்கு விலை உண்டு. மலையிலிருந்து வந்தது என்பதால் மக்கள் காசு கொடுத்து வாங்கி உறவினருக்குக் கொடுக்கிறார்கள். வணிகர் தொடங்கிய கொடை வழக்கத்தைக் கோயில் தன் வழியில் எடுத்துக்கொண்டது.

சாமி படம் எறியப்படாது என்ற பழைய கணக்குக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. எறிய முடியாத தாள் சேர்ந்துகொண்டே போகும். பழைய படங்கள் அரசமரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் குவிகின்றன. ஜப்பானில் இதற்கு ஒரு முறை இருக்கிறது: பழைய கோயில் சீட்டுகளையும் தாயத்துகளையும் புத்தாண்டில் கோயிலிலேயே திருப்பித் தந்து எரிக்கச் செய்கிறார்கள். இங்கே அப்படி ஓர் ஏற்பாடு நிலைபெறவில்லை, நிலைபெற்றிருக்க வேண்டியது. பட்டாசு விஷயம் இன்னும் கடுமையானது. லட்சுமி படம் போட்ட உறை வெடித்துச் சிதறித் தெருவில் மிதிபடுவதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகக் குரல் எழுந்துவருகிறது. மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய குறிகளை வணிகச் சின்னமாகப் பதிய 1999-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் மறுத்துவிட்டது. புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் தன் சரக்குக்குச் சொந்தம் கொண்டாட முடியாது என்பது அதன் நிலை. காலண்டர் இந்தச் சிக்கலில் மாட்டாததற்குக் காரணம் தெளிவு. அதில் சாமி படம் எந்தக் கடைக்கும் சொந்தமில்லை. ஒரே ஆல்பத்தின் ஒரே எண்ணை எதிரெதிர்க் கடைகளும் வாங்கலாம்.

1960-இல் மாநிலம் மாறிய சத்தியவேடு பகுதியில், 2008-இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இப்போது ஜப்பானியரை இந்த வட்டாரத்துக்கே கொண்டுவந்திருக்கிறது. இசுசு வண்டித் தொழிற்சாலை 2016-இல் இங்கே திறந்தது. டைகின் குளிர்சாதனத் தொழிற்சாலை 2023-இல் வந்தது. கோபெல்கோவின் மண் தோண்டும் இயந்திரங்களும் இங்கே உருவாகின்றன. ஜப்பானில் நிறுவனப் பிரதிநிதிகள் டிசம்பரில் வாடிக்கை நிறுவனங்களுக்கு நேரில் போய், நன்றி சொல்லி, பெயர் அச்சிட்ட காலண்டரைக் கொடுத்துவருவது நெடுநாள் வழக்கம். சாமி படம் அதில் பெரும்பாலும் மறைந்து, மலைக் காட்சியும் பூக்களும் வந்துவிட்டன. கையில் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. இந்த நிறுவனங்களின் தொலைக்காட்சி விளம்பரத்தைப் பெருநகர ஏஜென்சிகள் தயாரிக்கின்றன. அவற்றின் சரக்கைத் திருப்பதியிலும் சித்தூரிலும் விற்கும் உள்ளூர் டீலருக்கு வேண்டியது வேறு. அதை அவருக்காக இன்றும் சிவகாசி அச்சிடுகிறது, ஏழுமலையான் படத்தின் அடியில் அவர் கடைப் பெயரைப் போட்டு.